பெரியம்மாவின் மாடிக்குப் பல நிற ரோஜா: சென்னையில் எதை வாங்குவது?

கேள்வி: திருவான்மியூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு ஐப்பசியில் எழுபதாவது பிறந்தநாள். மொட்டை மாடி முழுக்கத் தொட்டிதான். பளிச்சென்று இரண்டு மூன்று நிறம் கலந்த ரோஜாச் செடி வாங்கித் தர ஆசை. இணையத்தில் 'ரெயின்போ ரோஸ்' விதை என்று ஏழு நிறத்தில் ஒன்று பார்த்தேன். அதை வாங்கலாமா? இல்லை, வேறு எந்த ரகம் நல்லது?

பதில்:

முதலில் அந்த விதையை விட்டுவிடுங்கள். ஒரே பூவில் நீலம், பச்சை, மஞ்சள், ஊதா என்று இதழுக்கு இதழ் நிறம் மாறும் ரோஜாச் செடி எங்கும் கிடையாது. நீங்கள் பார்த்த படத்தில் இருப்பது சாயம் ஏற்றிய வெள்ளை ரோஜா. வெட்டிய பூவின் காம்பை நீளவாக்கில் மூன்று நான்காகக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் தனித்தனிச் சாயத் தண்ணீரில் நிறுத்தினால், உறிஞ்சிய சாயம் அந்தந்தப் பக்கத்து இதழில் ஏறும். பூங்கொத்துக் கடைக்கு அது போதும். செடியில் அப்படிப் பூக்காது.

நீல ரோஜாவும் இதே கதைதான். டெல்பினிடின் என்கிற நீலச் சாயல் தரும் நிறமியை ரோஜா தானாக உண்டாக்காது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பேன்சிப் பூவின் மரபணுவை ஏற்றி, 2004ல் அறிவித்து 2009ல் விற்பனைக்கு விட்ட ரோஜாவே பார்வைக்கு வெளிர் ஊதாதான். போதாததற்கு, ஒட்டு ரோஜாவின் விதை தாய்ச்செடி மாதிரி பூக்காது, பெரும்பாலும் குளிர் காட்டினால்தான் முளைக்கவே செய்யும். அந்தப் பாக்கெட்டைக் கொடுத்தால் பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்வார். தோட்டக்காரர்கள் இந்த மாதிரிப் பரிசுகளை நிறையப் பார்த்திருப்பார்கள்.

இப்போது உண்மையான பல நிற ரோஜாவுக்கு வருவோம். நர்சரியில் எல்லாவற்றையும் 'டபுள் கலர்', 'மிக்ஸ் கலர்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவார்கள். ஆனால் அதற்குள் நான்கைந்து வகை உண்டு, சென்னை வெயிலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். இதழின் உட்புறம் ஒரு நிறம், வெளிப்புறம் வேறு நிறம் என்பது ஒரு வகை. வெளிர் இதழின் விளிம்பில் மட்டும் சிவப்பு ஓடுவது இன்னொன்று. கோடு கோடாகத் தெளித்தது மூன்றாவது. மொட்டாக இருக்கும்போது மஞ்சள், விரிந்தால் ரோஸ், உதிரும் முன் சிவப்பு என்று நாளுக்கு நாள் மாறுவது நான்காவது. இவை தவிர, மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் எல்லை தெரியாமல் ஒன்றில் ஒன்று கரைந்தவையும் இருக்கின்றன. அழகு என்று பார்த்தால் கடைசி வகைதான். சென்னையில் ஏமாற்றுவதும் அதுதான்.

காரணம் நிறமி. ரோஜாவின் மஞ்சள் கரோட்டினாய்டுகளால் வருவது, சிவப்பும் ரோஸும் ஆந்தோசயனினால் வருபவை. சூடு ஏற ஏற ஆந்தோசயனின் உற்பத்தி குறையும், கடும் வெயிலில் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். ஆகவே ஊட்டியில் எடுத்த படத்தில் தீப்பிழம்பு மாதிரி தெரியும் பூ, சித்திரை வைகாசியில் திருவான்மியூர் மாடியில் சாயம் போய், பாதி அளவில், ஒரே நாளில் விரிந்து கொட்டிவிடும். அதே செடி மார்கழியிலும் தையிலும் படத்தில் இருந்தபடியே பூக்கும். ஆக, படத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பதைவிட, பெரியம்மாவின் மாடியில் வெயில் எத்தனை மணி நேரம், தண்ணீர் எப்படி என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. நிறத்தைக் கடைசியில் முடிவு செய்வது அந்த மாடிதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விளிம்பு சிவக்கும் ரகங்களுக்கு வெயில் படாவிட்டால் சிவப்பே வராது. டபுள் டிலைட் இதற்கு நல்ல உதாரணம். 1977ல் அமெரிக்காவில் வெளிவந்தது. மொட்டு பாலேடு நிறத்தில் இருக்கும், விரிய விரிய விளிம்பிலிருந்து செர்ரிச் சிவப்பு உள்ளே இறங்கும். அந்தச் சிவப்பை ஏற்றுவது சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர். கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்தால் பெரும்பாலும் வெளிறியே பூக்கும். பச்சை நிழல்வலைக்கு அடியிலேயே எல்லாத் தொட்டியும் இருக்கிற மாடி என்றால், பெரியம்மா 'இதென்ன வெள்ளை ரோஜாவை வாங்கி வந்திருக்கிறாய்' என்று கேட்க வாய்ப்பு அதிகம். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் நேராக விழும் மூலை ஒன்று இருந்தால் என் முதல் சிபாரிசு இதுதான். நிறத்துக்கு மட்டும் சொல்லவில்லை. பளிச் நிறம் கொண்ட பல ரோஜாக்களில் வாசனை பெயருக்குத்தான் இருக்கும், இதில் நிஜமாகவே மணக்கும். உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 1985ல் தன் பெருமைப் பட்டியலில் இதைச் சேர்த்தது. சுவாமி படத்துக்குத் தினம் ஒரு பூ கிள்ளும் வழக்கம் பெரியம்மாவுக்கு இருந்தால், மணம் இல்லாத பூவை அவர் மனசு ஏற்காது. பன்னீர் ரோஜாவை முகர்ந்து வளர்ந்த தலைமுறை அது.

டபுள் டிலைட்டின் பாட்டி முறை பீஸ். பிரான்ஸின் பிரான்சிஸ் மெய்யாங் உருவாக்கியது, இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1945ல், அமெரிக்காவில் இந்தப் பெயர் வைத்தார்கள். மஞ்சள் இதழ், இளஞ்சிவப்பு ஓரம், உள்ளங்கை அகலப் பூ. எல்லாரும் முதலில் கேட்பதும் இதைத்தான். சென்னைத் தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். செடி பெரிதாக ஓங்கி வளரும், தரையில் வைக்க வேண்டிய ஆகிருதி. நம் சூட்டில் பூவும் வெளிறிவிடும். மலையில் யாராவது இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள்.

உட்புறம் வெளிப்புறம் வேறுபடும் வகை சென்னையில் கொஞ்சம் நம்பகமானது. லவ் என்று 1980ல் வந்த ரகம் உள்ளே சிவப்பு, வெளியே வெள்ளை. வெயிலில் சிவப்பு சற்று மங்கினாலும் இரண்டு நிறத்துக்கும் இடையிலான வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பீஸ் செடியிலேயே இயற்கையாக ஒரு கிளை மாறிப் பூத்துக் கிடைத்த குரோனன்பூர்க்கும் இந்த வகைதான், உள்ளே கருஞ்சிவப்பு, வெளியே மஞ்சள். ஆனால் பூ முதிரும்போது அந்தச் சிவப்பு ஒரு மாதிரி ஊதா பாய்ந்து பழசாகத் தெரியும். சிலருக்கு அதுவே பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

கோடு போட்டதில் நம் நாட்டுப் பெருமை ஒன்று இருக்கிறது: அபிசாரிகா. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், கிஸ் ஆஃப் ஃபயர் என்ற ரகத்தின் மீது காமாக் கதிர் செலுத்தி, அதில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து 1970களில் எடுத்தது. ரோஜாவைப் பற்றிப் பேசத் தெரிந்த பெரியம்மா என்றால் இந்தக் கதையோடு சேர்த்துக் கொடுங்கள், ரசிப்பார். கடை கடையாகத் தேட வேண்டியிருக்கும், பெயர்ச்சீட்டு இல்லாமல் 'லைன் ரோஸ்' என்று நீட்டுவதை அபிசாரிகா என்று நம்பி வாங்காதீர்கள்.

நாளுக்கு நாள் மாறும் வகையில் மாஸ்கரேட், 1949ல் வந்தது, கொத்துக் கொத்தாகப் பூப்பது. ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும் சிவப்பும் சேர்ந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் 'பல நிறம்' என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது அநேகமாக இதுதான். சீன ரோஜா வம்சத்து மியூடாபிலிஸ் இதைவிட வெயில் தாங்கும், ஐந்தே இதழில் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் பக்கத்து நர்சரிகளில் கண்ணில் படுவது அபூர்வம், பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

இடம் குறைவு, தொட்டியைத் தூக்கிப் பராமரிப்பது சிரமம் என்றால் குட்டி ரோஜாதான் புத்திசாலித்தனம். ரெயின்போஸ் எண்ட் என்று 1984ல் வந்த மினியேச்சர், மஞ்சளில் சிவப்பு ஓரம் போட்டது. இதற்கும் வெயில் படாவிட்டால் வெறும் மஞ்சள்தான். பெயர் தெரியாத பட்டன் ரோஸ்களிலும் ஆரஞ்சு மஞ்சள் கலந்தவை கிடைக்கின்றன. பெரிய பூ ரகங்கள் சோர்ந்துபோகும் மாதங்களில்கூட இவை ஏதோ நாலு பூவாவது காட்டிக்கொண்டிருக்கும், தலையில் வைத்துக்கொள்ளவும் வசதி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, பரிசு கொடுப்பவர் அறிந்திருக்க வேண்டியது. ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் ஒரு காலத்தில் இந்த அடர் மஞ்சளும், மஞ்சள் சிவப்பு இரட்டை நிறமும் இல்லை. மேற்காசியப் பகுதியைச் சேர்ந்த ரோசா ஃபெட்டிடா என்ற மஞ்சள் ரோஜாவின் வம்சத்தைப் பிரான்ஸின் பெர்னே டூஷே கலப்புக்குள் கொண்டுவந்து, 1900ல் சோலே டோர் என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைய பளிச் ஆரஞ்சு, மஞ்சள், இருநிற ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. நிறத்தோடு சேர்ந்து கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் குணமும் வந்துவிட்டது. இலையில் வட்ட வட்டமாகக் கறுப்புப் புள்ளி விழுந்து, சுற்றிலும் மஞ்சளித்து, கீழிருந்து மேலாக உதிர்ந்துகொண்டே போகும் நோய் அது. பூஞ்சணம் பிடிக்க இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மி.மீ., அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டுகிறது. பெரியம்மாவின் பிறந்தநாள் சரியாக அதன் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதனால் பிறந்தநாளன்று செடியைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஐப்பசியில் தொட்டியையும் மண்கலவையையும் கொடுத்துவிட்டு, 'தை பிறந்ததும் நர்சரிக்குக் கூட்டிப் போகிறேன் பெரியம்மா, நீங்களே பார்த்து எடுங்கள்' என்று சொல்வேன். செடி பொறுக்குவது தோட்டக்காரருக்குச் செடி கிடைப்பதைவிடப் பெரிய சந்தோஷம். தையில் நர்சரிகளில் பூவோடு நிற்கும், நிறத்தை நேரில் பார்க்கலாம், மழை ஓய்ந்திருக்கும், வெயில் உறைக்க இன்னும் நாள் இருக்கும். அதெல்லாம் முடியாது, அன்றைக்கே கையில் செடி வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று கொடுங்கள், அதையும் மழை நேராக அடிக்காத, காற்றோட்டமுள்ள, வெளிச்சம் விழும் சன்ஷேடு ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டாம்.

நர்சரியில் என்ன பார்ப்பது? ஈ.சி.ஆர். நெடுக இருக்கும் நர்சரிகளில் நிற்கும் ஒட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் இங்கே உருவானவை அல்ல. பெங்களூரு பக்கமிருந்தோ, ராஜமுந்திரிக்கு அருகில் உள்ள கடியத்திலிருந்தோ லாரியில் வருபவை. வந்து இறங்கி ஒரு வாரம் ஆகாத செடி பூவும் மொட்டுமாக மயக்கும், வீட்டுக்கு வந்ததும் இலையெல்லாம் கொட்டும். பூ எத்தனை என்று எண்ணாதீர்கள். அடியிலிருந்து புதிய சிவந்த தளிர் வருகிறதா, ஒட்டுப் போட்ட முடிச்சு ஆரோக்கியமாக இருக்கிறதா, குச்சியின் நுனி கறுத்துக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கறுப்பு இறங்கியிருந்தால் நுனிக்கருகல், விட்டுவிடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், மெல்லிய நூலாம்படையும் தூசு போன்ற புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. அதைப் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனால் அவருடைய மற்றத் தொட்டிகளுக்கும் சேர்த்துப் பரிசளித்ததாகிவிடும்.

பூ பார்க்கும்போது மொட்டை நம்பாதீர்கள், முழுக்க விரிந்த பூவையும் வாடப்போகும் பூவையும் பாருங்கள். அதே ரகத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று செடிகளையும் ஒப்பிடுங்கள். ஒரே தொட்டியில் ஒரு கிளை மஞ்சளாகவும் இன்னொன்று சிவப்பாகவும் முழுசு முழுசாகப் பூத்திருந்தால் அது பல நிற ரகமாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு செடியைச் சேர்த்து நட்டிருக்கலாம், அல்லது ஒட்டுக்குக் கீழே இருந்து வேர்ச்செடி, அதாவது ஒட்டுப் போட அடியாக வைத்த வேறு ரோஜா, கிளம்பியிருக்கலாம். 'ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை வைத்து மட்டும் வெட்டிவிடாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வருவது உண்டு. கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் கணக்கு. முடிச்சுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டை இருக்கும். பயணத்தில் ஈரம் காப்பதற்காக வைப்பது. அப்படியே தொட்டிக்குள் இறக்கினால் சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் உருண்டைக்குள் சகதியாகவே கிடக்கும், அல்லது உருண்டை இறுகிப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு வாரம் பத்து நாள் பழகவிட்ட பிறகு, உருண்டையை வாளித் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணை மட்டும் கையால் கரைத்துவிட்டு, வேர் அறுபடாமல் நட வேண்டும். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியட்டும். செம்மண், தொழு உரம் அல்லது மண்புழு உரம், தண்ணீர் வடிய ஆற்று மணலோ கோகோபீட்டோ, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, கொஞ்சம் எலும்புத்தூள். பெரியம்மாவுக்கு அவருடைய கலவை என்று ஒன்று நிச்சயம் இருக்கும், அதில் தலையிடாதீர்கள்.

தொட்டியை மட்டும் யோசித்து வாங்குங்கள். பெரிய பூ ரகத்துக்கு 14 அங்குலமாவது வேண்டும். அந்த அளவு மண் தொட்டி ஈர மண்ணோடு சேர்ந்தால் எழுபது வயதில் நகர்த்தக்கூடிய எடை அல்ல. சக்கரம் வைத்த தாங்கியையும் சேர்த்து வாங்கிவிட்டால், மழை அடித்தால் உள்ளே, வெயில் வந்தால் வெளியே என்று அவரே தள்ளிக்கொள்வார். சொல்லப்போனால் செடியைவிட அதற்காகத்தான் உங்களை வாழ்த்துவார்.

திருவான்மியூர் என்பதால் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ரோஜாவுக்கு உப்பு ஆகாது. கடலோரத்து போர் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இலை விளிம்பு கருகும், தளிர் சிறுக்கும், பூவின் நிறமும் அளவும் குறையும், மண்ணின் மேலே வெள்ளைப் படலம் பூக்கும். மெட்ரோ தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ ரோஜாவுக்கென்று ஒதுக்க முடிகிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பரவாயில்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, ரோஜாவுக்கு வேண்டவே வேண்டாம். போர் தண்ணீர் ஒன்றுதான் வழி என்றால் பெரிய பூ ரகத்துக்கு ஆசைப்படாமல், பெரியம்மா வீட்டில் ஏற்கனவே நன்றாக வரும் ரோஜா எது என்று பார்த்து அந்தச் சாயலிலேயே ஒன்றை எடுங்கள்.

மற்றப் பராமரிப்பு அவருக்கே தெரியும். காலையில் தண்ணீர், இலை நனையாமல். கரும்புள்ளி விழுந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போட வேண்டும், அதே தொட்டியில் மட்க விடக் கூடாது. மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர். கிளைகளை வெட்டிக் கவாத்துச் செய்ததிலிருந்து சுமார் ஆறு ஏழு வாரத்தில் பூ வரும், ஆகவே தை கடைசியில் பூ வேண்டுமானால் மார்கழி தொடக்கத்தில், மழை விட்டதைப் பார்த்து வெட்டினால் சரியாக இருக்கும்.

கடைசியாக, ரகத்தின் பெயரை நர்சரியில் கேட்டு, வாங்கிய மாதத்தோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டையில் எழுதித் தொட்டியில் செருகிக் கொடுங்கள். மார்க்கரில் எழுதினால் நம் வெயிலில் சீக்கிரமே எழுத்து அழிந்துவிடும். சாதாரணப் பென்சிலில் எழுதுங்கள், அதுதான் நிற்கும்.